ஆள் நிற்க விட்ட இடம்

மாலை ஏழு மணி இருபத்து நாலு நிமிடம். மே மாதம், சனிக்கிழமை. ஏரிக்கரையோடு ஒரு ஒற்றையடிப் பாதை... ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் பீச் மரக்காடு. ஒரு மனிதர் தனியாக நடந்து போகிறார். முதுகில் பை, தோளில் கமெரா முக்காலி. முன்னும் பின்னும் ஈ காக்காய் இல்லை.

நேரம் எப்படி இவ்வளவு சரியாகத் தெரியும் என்று கேட்காதீர்கள். அது கமெராவுக்குள் பதிந்திருக்கிறது. நானே என் கண்ணால் பார்த்தேன்.

“துவாரகா, அந்தப் போர்வையை இஞ்சாலயும் கொஞ்சம் இழு பிள்ளை. கரண்ட் வரேக்க வரட்டும். ஒரு மெழுகுதிரி காணும், மற்றதை நூத்துவிடு.”

கதை கேட்க உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பேய்க்குப் பயந்தவள் இல்லை. டென்மார்க்கில், இந்த ஒடென்சேயில் முதியோர் இல்லத்தில் பத்தொன்பது வருட வேலை. இறந்தவர்களைத் துடைத்து, உடுப்பு மாற்றி, கடைசியில் யன்னலைத் திறந்துவிட வேண்டும். ஆத்மா வெளியே போவதற்காம், இந்த நாட்டு வழக்கம். நான் திறக்கும்போதெல்லாம் குளிர்காற்று உள்ளே வந்ததுதான் மிச்சம். ஒன்றும் வெளியே போய் நான் கண்டதில்லை. அதனால் என்னிடம் யாராவது பேய்க் கதை சொன்னால் நான் சிரிக்கிற ஆள். இந்த ஒன்றுக்கு மட்டும் சிரிப்பதில்லை.

அந்த மனிதரின் பெயர் பரமானந்தம். என்னோடு வேலை செய்யும் நிரஞ்சலாவின் தாய்மாமன். கலியாணம் கட்டவில்லை. கிழமை நாட்களில் ஒரு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. 2006இல் அங்கே ஒரு இயந்திரம் அவருடைய இடது கைச் சுண்டுவிரலில் பாதியைக் கொண்டுபோய்விட்டது. இந்த விரலை மறக்காதீர்கள். சனி ஞாயிறுகளில் கலியாணவீடு, சாமத்தியவீடு என்று படம் எடுப்பார். ஆனால் அவருடைய மனம் அதில் இல்லை.

வருடத்தில் இரண்டு முறை ஐந்து நாள் லீவு எடுத்துக்கொண்டு நடக்கப் போய்விடுவார். சில்கபோர்க் பக்கத்து ஏரிகளும் குன்றுகளும்தான் அவருக்குக் கோயில். இரவில் காட்டுக்குள் பலகைக் குடில்களில் படுப்பார். மூன்று பக்கம் பலகை, ஒரு பக்கம் திறந்து கிடக்குமே, அந்தக் குடில்கள். அங்கே ஒரு குன்றுக்கு டேனிஷ்காரர் வானமலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உயரம் நூற்று நாற்பத்தேழு மீட்டர்! பதுளைப் பக்கத்து மலைநாட்டு ஆட்கள் கேட்டால் வயிறு நோகச் சிரிப்பார்கள். காலநிலையோ அதைவிடப் பகிடி. காலையில் வெயில், பத்து மணிக்கு மழை, பதினொரு மணிக்கு ஆலங்கட்டி, பிறகு ஒன்றும் நடக்காதது போல மறுபடி வெயில். பரமானந்தத்துக்கு அதுதான் வேண்டும். மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கிற ஐந்து நிமிடத்துக்காக இரண்டு மணி நேரம் முக்காலிக்குப் பக்கத்தில் நனைந்துகொண்டு நிற்பார்.

அவர் எடுக்கிற ஏரிப் படங்களில் ஒரு புதினம் உண்டு. வலது பக்கம் எப்போதும் வெறுமையாக இருக்கும். மரம் இல்லை, படகு இல்லை, ஒன்றும் இல்லை. நிரஞ்சலா ஒருமுறை கேட்டாளாம், “ஏன் மாமா ஒரு பக்கம் மொட்டையாக் கிடக்கு?” என்று.

“அது ஆள் நிக்கிற இடம், பிள்ளை.”

எந்த ஆள்? செத்த ஆள்.

நம்முடைய ஆட்களின் முப்பத்தோராம் நாள் படங்களைப் பார்த்திருப்பீர்கள்தானே. யாருடையதோ கலியாணவீட்டுக் கூட்டத்திலிருந்து ஆளை வெட்டி எடுத்து, பின்னால் ஒரு ஏரி, ஒரு மலை, இரண்டு மேகம். உயிரோடு இருந்தவரை வன்னியில் மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்த மனிதர், செத்த பிறகு வெள்ளைச் சட்டையோடு ஏரிக்கரையில் நிற்பார். சிரிக்கிறீர்கள்... உங்கள் வீட்டுச் சுவரிலும் அப்படி ஒன்று தொங்குகிறது, நான் கண்டிருக்கிறேன். மற்றப் படக்காரர்கள் இன்டர்நெட்டில் சுவிஸ் மலையை எடுத்து ஒட்டிவிடுவார்கள். பரமானந்தம் அப்படிச் செய்ய மாட்டார். “தெரியாத இடத்தில ஆக்களைக் கொண்டுபோய் நிப்பாட்டக் கூடாது. நான் நடந்து பாத்த இடமா இருக்கவேணும்” என்பார். வெளிச்சம் இடப் பக்கமிருந்து வரவேண்டும். தண்ணீரின் கோடு கழுத்துக்கு நேரே வரக்கூடாது, ஆளை வெட்டியது போல இருக்கும். இப்படி அவருக்கு ஆயிரம் சட்டம்.

2009... அந்த வருடத்தை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. யுத்தம் முடிகிற மாதங்கள். எல்லோரும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு தூங்கிய காலம். மாசி மாதத்திலிருந்து கிழமைக்கு ஒரு படமாவது பரமானந்தத்திடம் வந்தது. எல்லாம் கூட்டமாக நிற்கிற பழைய படங்கள். ஒருவரை வெட்டி எடுத்தால், பக்கத்தில் நின்றவரின் கை அவருடைய தோளில் ஒட்டிக்கொண்டு வரும். அதை ஒவ்வொரு விரலாக அழிக்க வேண்டும். “ஆளை வெட்டுறது லேசு. கையை எடுக்கிறதுதான் கஸ்ரம்” என்று தமக்கையிடம் சொல்லியிருக்கிறார். தமக்கை தங்கமலர், நிரஞ்சலாவின் தாய். அல்பர்ட்ஸ்லுண்டில் இருக்கிறார்.

இவர்களுக்கு ஒரு தம்பி. ஜெயகாந்தன், வீட்டில் காந்தன். பரமானந்தத்தைவிடப் பத்து வயது இளையவன், தாய் இல்லாமல் போனபின் வன்னியில் தனித்துப் போனவன். சமாதான காலத்தில், 2003இல், பரமானந்தம் ஊருக்குப் போனபோது கிளிநொச்சியில் ஒரு ஸ்டூடியோவில் இருவரும் படம் எடுத்துக்கொண்டார்கள். அண்ணனின் இடது கை தம்பியின் வலது தோளில். “அடுத்த வருசம் உன்னைக் கூப்பிட்டிடுவன்” என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார். அடுத்த வருடமும் போனது, அதற்கு அடுத்ததும் போனது. விண்ணப்பம் ஒன்று சரிவரவில்லை, பிறகு வன்னிக்குப் போகிற பாதையைப் பூட்டினார்கள். ஆறு வருடம். அந்த ஆறு வருடமும் அவர் அந்தச் சொல்லோடுதான் சாப்பிட்டார், அதோடுதான் படுத்தார்.

மே மாத இரண்டாவது கிழமையில் யாரோ தங்கமலருக்குச் சொன்னார்கள், காந்தன் இருந்த பதுங்குகுழிக்கு மேல் செல் விழுந்துவிட்டது என்று. சொன்னவர் கண்டவர் இல்லை. கண்டவரைக் கண்டவரும் இல்லை. ஆனாலும் அந்த நாட்களில் எது பொய்யாக வந்தது? தங்கமலர் இரண்டு நாள் அழுதுவிட்டுப் பரமானந்தத்துக்குப் போன் எடுத்தார்.

“தம்பி, அவன்ரை படத்தைச் செய்.”

“கண்ட ஆள் ஒருத்தரும் இல்லையே அக்கா.”

“முன்னுக்கு வைச்சு அழக்கூட ஒரு படம் இல்லையடா எனக்கு. நீ செய்யாட்டி நான் வேற ஆளிட்டைக் குடுப்பன்.”

யோசித்துப் பாருங்கள். படம் செய்தால் தம்பி செத்துவிட்டான் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தது போல. செய்யாவிட்டால் முன்பின் தெரியாத ஒருவன் தம்பியைச் சுவிஸ் மலையில் கொண்டுபோய் நிறுத்துவான். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து அவர் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தார். இருவரும் நின்ற படத்திலிருந்து தன்னை வெட்டி எறிந்தார். தம்பியின் தோளில் கை மட்டும் கிடந்தது... அவருடைய சொந்தக் கை. 2003இல் எடுத்த படம் அல்லவா, ஐந்து விரலும் முழுதாக. பெருவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக அழித்தார். சுண்டுவிரலை அழித்து முடிக்கும்போது விடியற்காலை மூன்று மணி. பின்னணி மட்டும் பாக்கி. காலையில் ரயில் எடுத்து அந்த ஏரிக்குப் போனார்.

மிச்சக் கதையைக் கமெராதான் சொன்னது. கமெராவும் ஒரே ஒரு போன் அழைப்பும்.

ஏழு இருபத்து நாலு. ஏரிக்கரையில் ஆட்கள் உட்காருகிற ஒரு வாங்கு. வெயில். வலது பக்கம் வெறும் புல். நல்ல படம்தான், ஆனால் அவருக்குப் பிடிக்கவில்லை போலும், அதை விட்டுவிட்டு நடந்திருக்கிறார்.

ஏழு ஐம்பது. மழை. ஏரிக்குள் நீளுகிற ஒரு மரப் படகுத்துறை. பலகை எல்லாம் நனைந்து கறுத்துப் போயிருக்கிறது. வலது பக்கம், ஆள் நிற்க விட்ட இடத்தில்... பலகையில் இரண்டு வெளிறிய புள்ளிகள்.

ஏழு ஐம்பத்தைந்து. முக்காலியைக் கிட்டக் கொண்டுபோயிருக்கிறார். புள்ளிகள் இல்லை. பாதங்கள். இரண்டு வெறும் பாதங்களின் அளவில் பலகை காய்ந்து கிடக்கிறது. சுற்றிலும் மழைத் தண்ணீர் ஓடுகிறது, அதற்குள் ஒரு சொட்டு விழவில்லை. விரல்கள் கமெராவைப் பார்த்தபடி இருக்கின்றன.

எட்டு மூன்று. ஆலங்கட்டி. பலகை முழுக்க வெள்ளைக் குறுணி, உப்பைக் கொட்டிவிட்டது போல. அந்த இரண்டு பாதங்களின் மேல் மட்டும் ஒன்றுகூட இல்லை.

எட்டு பத்துக்குத் தங்கமலருக்கு அவருடைய போன் வந்தது. தங்கமலர் பிறகு சொன்னதை நான் அப்படியே சொல்கிறேன்.

“அக்கா, இஞ்ச ஒரு இடம் நனையுதில்லை.”

“என்னடா கதைக்கிறாய்? நீ சாப்பிட்டனியோ?”

“களப்பு மணக்குது அக்கா. உப்புச் சேறு மணக்குது. இது நல்ல தண்ணி ஏரி... இதில எப்பிடி?”

“பரமு, நீ வீட்ட போ. எனக்குப் பயமாக் கிடக்கு.”

போனுக்குள் ஆலங்கட்டி பலகையில் விழுகிற சத்தம். டக்... டக்... டக். பிறகு அவர் சொன்னது:

“அவன் வந்து நிக்கிறான் அக்கா. மண்ணுக்குள்ள இருந்து வந்தவன் மாதிரி மூச்சு இழுக்கிறான். எனக்குக் கேக்குது. நான் போய்ப் பக்கத்தில நிக்கிறன்.”

அவ்வளவுதான். போன் நின்றது.

எட்டு பத்தொன்பது. கடைசிப் படம். கமெரா தானாக எடுக்கும்படி வைத்துவிட்டு அவர் போய் நின்றிருக்கிறார். மஞ்சள் மழைச்சட்டை. முகத்தில்... எப்படிச் சொல்வது, ஆறு வருடமாக அவருடைய முகத்தில் ஒருவரும் காணாத நிம்மதி. இடது கையைத் தூக்கி, தன் உயரத்தை விடக் கொஞ்சம் கீழே, காற்றின் மேல் வைத்திருக்கிறார். படம் முழுக்க மழை கோடு கோடாக விழுகிறது. அந்தக் கைக்குக் கீழே, அகலமாக ஒரு ஆள் அளவுக்கு, மழை இல்லை.

மறுநாள் காலை நாயோடு நடக்க வந்த ஒரு தம்பதி அவரைப் படகுத்துறையில் கண்டெடுத்தார்கள். உட்கார்ந்த நிலையில், தூணில் சாய்ந்து. இதயம் என்றார் டாக்டர். இடது கை மட்டும் தூக்கியபடி விறைத்துப் போயிருந்ததால் பெட்டிக்குள் வைக்கக் கஷ்டப்பட்டார்கள். எத்தனை உடலைத் தொட்டவள் நான், அப்படி ஒரு விறைப்பைக் கேள்விப்பட்டதில்லை.

ஊருக்கெல்லாம் படம் எடுத்த மனிதருக்குத் தனக்கென்று ஒரு படம் மிச்சமில்லை, இருந்ததிலும் தன்னை வெட்டி எறிந்துவிட்டார். ஆகவே அந்தக் கடைசிப் படத்தைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. நிரஞ்சலா தன் குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் கம்ப்யூட்டரைத் திறந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். காற்றில் தொங்குகிற அந்தக் கையைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. “சின்ன மாமாவையும் இதிலயே நிப்பாட்டுவம் அக்கா” என்றாள். பரமானந்தம் வெட்டி வைத்திருந்த காந்தனின் உருவத்தை எடுத்து அந்த வெறும் இடத்தில் விட்டாள். பெரிதாக்கவில்லை. சிறிதாக்கவில்லை. ஒரு மயிரிழை நகர்த்தவில்லை. தோள் போய்க் கைக்குக் கீழே சரியாக நின்றது. வெளிச்சம்கூட இடப் பக்கமிருந்துதான். நாங்கள் இருவரும் தேத்தண்ணீரைக் குடிக்காமல் எழும்பிவிட்டோம்.

முப்பத்தோராம் நாள் அல்பர்ட்ஸ்லுண்டில், தங்கமலரின் வீட்டில். இருவருக்கும் ஒரே படம், ஒரே மாலை. சாப்பாடு பரிமாறத் தொடங்கும்போது தங்கமலரின் போன் அடித்தது. தெரியாத இலக்கம். எடுத்தார். கேட்டார். அப்படியே சுவரோடு சரிந்து கீழே உட்கார்ந்துவிட்டார். நான் போனை வாங்கிக் காதில் வைத்தேன். வவுனியாவில் ஒரு முகாமிலிருந்து யாருடையதோ போனில் ஒரு குரல்:

“அக்கா... அக்கா... நான் காந்தன். கேக்குதோ? பரமண்ணைக்குச் சொல்லுங்கோ, நான் இருக்கிறன்.”

மாலை போட்ட படத்தில் பாதியை எப்படிக் கழற்றுவது? ஒருவருக்கும் தெரியவில்லை.  கடைசியில் தங்கமலரே எழும்பி, மாலையைப் பரமானந்தத்தின் பக்கமாக ஒதுக்கிவிட்டார்.

காந்தன் 2012இல் டென்மார்க் வந்து சேர்ந்தான். எந்தெந்தக் காட்டுக்குள்ளால் வந்தானோ, அதைச் சொல்ல மாட்டான். ஒடென்சேயில் அண்ணன் இருந்த அதே கட்டிடத்தில் ஒரு அறை. அந்தப் படத்தைத்தான் கட்டிலுக்கு நேரே மாட்டியிருக்கிறான். ஒருநாள் நிரஞ்சலாவும் நானும் போயிருந்தபோது தானாகவே சொன்னான்.

“மே பதினாறு இரவு அக்கா. பன்ரண்டு மணி இருக்கும். பங்கருக்கு மேல விழுந்து மண் மூடிப்போச்சு. வாய்க்குள்ள மண். கை அசைக்கேலாது. சரி முடிஞ்சுது எண்டு கிடந்தன். வலத் தோளில ஒரு கை வந்து பிடிச்சுது. ஒரே இழுவை. வெளியில வந்து பாத்தா ஒருத்தரும் இல்லை... கை மட்டும் இருக்கு. விடேல்லை. அதோடயே களப்பைக் கடந்தனான்.”

பரமானந்தம் ஏரிக்குப் போனதும் அதே மே பதினாறு, காந்தன் செத்தான் என்ற பொய்ச் செய்தி அதற்கு முதலே வந்துவிட்டது. நிரஞ்சலா விரல் விட்டு எண்ணினாள். இங்கே எட்டு பத்தொன்பது என்றால் அங்கே பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம்தான் குறைவு.

“இன்னொண்டு” என்றான். “சொன்னா நம்பமாட்டியள். சட்டைக்குள்ள ரெண்டு ஐஸ் குறுணி கிடந்துது. அந்தப் புழுக்கத்தில. தண்ணி விடாய்க்கு வாயில போட்டனான்.”

முள்ளிவாய்க்காலில், அந்த இரவில், ஐஸ் எங்கிருந்து வரும்?  

அதன்பிறகு நான் ஒன்றைக் கவனித்தேன். மழை என்றால் எல்லோரும் ஒதுங்குவார்கள், காந்தன் வெளியே இறங்குவான். குடை பிடிக்க மாட்டான், தொப்பி போட மாட்டான். வேலைக்குப் போகிற பஸ் நிறுத்தத்தில் சாம்பல் நிறச் சட்டையோடு நனைந்துகொண்டு நிற்பான். என்னைக் கண்டால் முதுகைத் திருப்பிக் காட்டி மெதுவாகக் கேட்பான், “அக்கா, இருக்கோ?”

இருக்கும். சட்டை முழுக்க நனைந்து கறுத்திருக்க, வலது தோளில் மட்டும் காய்ந்த ஒரு கை. நாலு விரல் முழுசாக. சுண்டுவிரல் பாதி. அண்ணனின் விரல் போன கதையைக் காந்தனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. தம்பி மனவருத்தப்படுவான் என்று பரமானந்தமே மறைத்துவிட்டார்.

“ஓம், இருக்கு” என்பேன். தமக்கையும் மருமகளும் இருந்தாலும் அவனோடு கூட இருக்க ஆள் இல்லை. வேலைத்தலத்தில் பேச்சில்லை, வீட்டில் பேச்சில்லை. மழை நாளில் அந்த ஒரு சொல்லை வாங்கிக்கொண்டுதான் வேலைக்குப் போவான். ஒவ்வொரு வருடமும் மே மாதம் அந்தப் படகுத்துறைக்கும் போய் வருகிறான்.

போன வியாழக்கிழமை காலை. உங்களுக்கு நினைவிருக்கும், வானம் உடைந்தது போலக் கொட்டிய நாள். நிறுத்தத்தில் நானும் அவனும்தான். திரும்பி நின்று கேட்டான்.

“அக்கா, இருக்கோ?”

பார்த்தேன். தோள் முழுக்க நனைந்திருந்தது. கழுத்திலிருந்து கைவரை ஒரே கறுப்பு. கிட்டப் போய்ப் பார்த்தேன்... இல்லை. ஒன்றும் இல்லை.

பத்தொன்பது வருடமாகச் சாகப்போகிற கிழவிகளிடம் “மகன் வந்துகொண்டிருக்கிறார்” என்று பொய் சொல்கிறவள் நான். எனக்கு வாய் குளறவில்லை.

“ஓம் தம்பி, இருக்கு.”

சிரித்துவிட்டுப் பஸ்ஸில் ஏறினான். எனக்கு அடுத்த பஸ். அவன் எப்போதும் போல நடைவழிப் பக்கம் உட்கார்ந்து, வலது பக்கம் யன்னல் இருக்கையை வெறுமையாக விட்டான். நனைந்த சனம் நின்றுகொண்டே போனது, ஒருவரும் அதில் உட்காரவில்லை. யன்னல் கண்ணாடி உள்ளே மெல்லிசாக ஆவி பிடித்து மங்கியிருந்தது, ஆனாலும் அவன் தெரிந்தான். நான் அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன், செய்த பொய் நெஞ்சில் குத்த.

பஸ் அசைந்தது. வெறும் இருக்கைக்கு நேரே கண்ணாடியில் ஆவி மெல்ல விலகியது, உள்ளேயிருந்து யாரோ கையை வைத்தது போல. பெருவிரல். மூன்று விரல். பிறகு ஒரு பாதி விரல்.

காந்தனின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன.